தாமஸ் டூயி: 29,300 ஓட்டுத் தூரத்தில் நின்றுபோன ஆளுநர்

1948 நவம்பர் 2 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹாரி ட்ரூமனுக்கு ஏறத்தாழ 2 கோடியே 42 லட்சம் ஓட்டு. எதிர்த்து நின்ற நியூயார்க் ஆளுநர் தாமஸ் டூயிக்கு 2 கோடியே 20 லட்சம். வித்தியாசம் 22 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் சந்தேகமே இல்லாத தோல்வி.

ஆனால் அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலவாரித் தேர்வாளர் ஓட்டு. பொதுவாக ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அதன் தேர்வாளர் ஓட்டு முழுவதும் போகும். அன்றைக்கு மொத்தம் 531, ஜெயிக்க வேண்டியது 266. ட்ரூமன் 303, டூயி 189, தெற்கு மாநிலங்களின் இனப்பிரிவினை வேட்பாளர் ஸ்ட்ராம் தர்மண்ட் 39. இதில் ஒஹாயோவை (25 தேர்வாளர் ஓட்டு) டூயி இழந்தது 7,107 ஓட்டில். கலிபோர்னியாவை (25) 17,865 ஓட்டில். இல்லினாயை (28) 33,612 ஓட்டில். மூன்றிலும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு இடம் மாறியிருந்தால் போதும். கூட்டினால் சுமார் 29,300 பேர். டூயிக்கு 267 வந்திருக்கும், அதிபராகியிருப்பார். ஒஹாயோவும் கலிபோர்னியாவும் மட்டும் மாறியிருந்தால், அதாவது சுமார் 12,500 பேர் மனம் மாறியிருந்தால், யாருக்கும் 266 கிடைக்காமல் விவகாரம் பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. தர்மண்ட் தரப்பு ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

இவ்வளவு அருகில் வந்த மனிதரை, ஜெயிப்பார் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லியும் தோற்ற கேலிப் பாத்திரமாக மட்டும் ஞாபகம் வைத்திருப்பது அநியாயம். அவர் எப்படி வேலை செய்தார் என்று தெரிந்தால்தான் 1948 எங்கே சறுக்கியது என்பதும் புரியும்.

டூயி பிறந்தது 1902இல், மிச்சிகன் மாநிலத்தின் ஒவாசோ என்ற சிற்றூரில். அப்பா உள்ளூர்ப் பத்திரிகை நடத்தியவர். பையனுக்கு நல்ல குரல். 1923இல் தேசியப் பாட்டுப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்து, பாடகராகப் போவதா வக்கீலாவதா என்று கொஞ்ச காலம் ஊசலாடினார். கொலம்பியா சட்டக் கல்லூரி ஜெயித்தது.

1935இல் நியூயார்க் நகரத்தில் கூட்டுக் கொள்ளைக் கும்பல்களை விசாரிக்கத் தனி அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். அப்போது வயது 33. டூயி குடியரசுக் கட்சி. அப்போது ஆளுநராக இருந்த ஹெர்பர்ட் லேமன் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சிக்காரர். அவர்தான் இவரை நியமித்தார். நியூயார்க் நிழலுலகத் தலைவர் லக்கி லூசியானோவை டூயி எப்படி உள்ளே தள்ளினார் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு மனிதரும் அதில் தெரிகிறார்.

அந்த அலுவலகத்தில் யூனிஸ் கார்ட்டர் என்ற கறுப்பினப் பெண் வழக்கறிஞர் இருந்தார். பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபடும் பெண்களைத் திரும்பத் திரும்ப அதே வக்கீல்கள், அதே ஜாமீன்தாரர்கள், ஏறக்குறைய அதே கதையைச் சொல்லி வெளியே கொண்டுவருவதை முதலில் கவனித்தவர் அவர். நூற்றுக்கணக்கான தனித்தனி சின்ன வழக்குகளுக்குப் பின்னால் ஒரே நிர்வாகம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 1936 பிப்ரவரி 1 இரவு சுமார் 80 விடுதிகளில் ஒரே நேரத்தில் சோதனை. தகவல் கசிவதுதான் இந்த மாதிரி சோதனைகளின் வழக்கமான நோய். அதனால் எங்கே போகிறோம் என்பதே போலீஸ்காரர்களுக்குக் கடைசி நிமிடம்வரை தெரியாது. மூடிய உறையில் உத்தரவு, சோதனைக்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும். பிடிபட்டவர்களுக்கு ஜாமீன் 10,000 டாலர். கும்பலின் ஜாமீன்தாரர்கள் பழக்கதோஷத்தில் பணத்தைக் கட்டி உடனே வெளியே எடுக்க முடியாத தொகை. உள்ளேயே இருந்தவர்களில் சிலர் மெல்லப் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த சிக்கல் சட்டத்தில். தனித்தனிக் குற்றத்துக்குத் தனித்தனி விசாரணை என்றால் தலைவன் எதிலும் சிக்கமாட்டான். தொடர்புள்ள குற்றங்களை ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்த்து விசாரிக்க அனுமதிக்கும் சட்டத் திருத்தத்தை அந்த வருடமே மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேற்ற வைத்தார். லூசியானோ கூண்டில் ஏறியபோது டூயி கையில் இருந்தது ஹோட்டல் தொலைபேசிப் பதிவேடு. தெரியவே தெரியாது என்று அவர் சொன்ன ஆட்களுக்கு அவர் அறையிலிருந்து போன அழைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். 1936 ஜூனில் 62 குற்றச்சாட்டில் தீர்ப்பு, 30 முதல் 50 ஆண்டு தண்டனை. மூன்று பெண் சாட்சிகள் பிறகு வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டில் அது எடுபடவில்லை. ஆனாலும் அந்த வழக்கைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஒரு சாட்சியை நம்பி நீதிமன்றம் போகாதவர், கணக்குப் புத்தகமும் பதிவேடும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுகிறவர் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1938இல் ஆளுநர் தேர்தலில் லேமனையே எதிர்த்து நின்று சுமார் 64,000 ஓட்டில் தோற்றார். 1940இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் 360 ஓட்டோடு முன்னணியில் இருந்து, ஆறாவது சுற்றில் வெண்டல் வில்கியிடம் வாய்ப்பை விட்டார். 1942இல் நியூயார்க் ஆளுநர். அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அமெரிக்க மாநில ஆளுநர் என்பவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். பட்ஜெட் போடுவது, மசோதாவை ஏற்பது, மறுப்பது எல்லாம் அவர் கையில். அந்த வேலையில் டூயி உண்மையிலேயே தேர்ந்தவர். போர்க்கால வரி வருமானம் பெருகியபோது அதை அப்போதே செலவழிக்காமல் போருக்குப் பிந்தைய கட்டுமானத்துக்கென்று தனி நிதியில் ஒதுக்கினார். வேலைவாய்ப்பில் இனம், மதம் பார்த்து ஒதுக்குவதைத் தடைசெய்த முதல் மாநிலச் சட்டமான ஐவ்ஸ்–க்வின் சட்டத்தில் 1945இல் கையெழுத்திட்டவர் இவர்தான். அதற்குச் சொந்தக் கட்சியிலேயே பலமான எதிர்ப்பு இருந்தது. 1948இல், சிதறிக் கிடந்த 29 கல்வி நிலையங்களைச் சேர்த்து நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் உருவானதும் இவர் ஆட்சியில். 1946இல் மறுபடி நின்றபோது சுமார் 6.8 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதற்கு நடுவே 1944. போர்க்கால அதிபர் ரூசவெல்ட்டை எதிர்த்து நிற்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். தேர்வாளர் ஓட்டில் 432க்கு 99 என்று தோற்றார். அந்தத் தோல்வியில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை, இரண்டும் அடுத்தடுத்த நாள் நடந்தவை.

செப்டம்பர் 25 அன்று ஓக்லஹோமா சிட்டியில் டூயி ரூசவெல்ட்டைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் அரசு வழக்கறிஞர் தோரணையில் அதிபரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்தப் பேச்சு தவறு என்று அவர் பின்னால் நினைத்தார். மறுநாள் டல்சாவில் ராணுவ கர்னல் ஒருவர் சாதாரண உடையில் வந்து ஒரு ரகசியக் கடிதத்தைக் கொடுத்தார். எழுதியவர் படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல். ஜப்பானின் ரகசியக் குறியீடுகளை அமெரிக்கா உடைத்துவிட்ட செய்தி டூயி தரப்புக்கு எட்டியிருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ரூசவெல்ட்டைப் பொறுப்பாக்க அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. வெளியே சொன்னால் ஜப்பான் குறியீட்டை மாற்றிவிடும், படைவீரர்கள் சாவார்கள் என்பது மார்ஷலின் வாதம். படித்ததை வெளியிடமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லி, தொடக்கத்தோடு நிறுத்திக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார் டூயி. இரண்டு நாள் கழித்து ஆல்பனியில், நிபந்தனை தளர்ந்த பிறகு, ஆலோசகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதும் படித்தார். தேர்தல் முடியும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

இதே குணம் இன்னொரு முறையும் தெரிந்தது. 1946 ஜனவரியில் ஆளுநராக லூசியானோவின் தண்டனையை டூயியே குறைத்து, இத்தாலிக்கு நாடுகடத்த வழி செய்தார். காசு வாங்கினார் என்ற வதந்தி அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. போர்க்காலத்தில் துறைமுகப் பாதுகாப்புக்காகக் கடற்படை உளவுப் பிரிவு லூசியானோவின் ஆட்களை நாடியது உண்மை என்பதை, 1954இல் டூயி உத்தரவிட்ட விசாரணையே உறுதி செய்தது. வெளியிட வேண்டாம் என்று கடற்படை கேட்டுக்கொண்டது. தன் பெயரைத் துடைக்கும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அதை வெளியிடாமல் விட்டார்.

இனி 1948. ஜூனில் பிலடெல்பியா மாநாட்டில் மூன்றாவது சுற்றில் ஏகமனதாக வேட்பாளர். துணை அதிபர் வேட்பாளர் கலிபோர்னியா ஆளுநர் எர்ல் வாரன். ட்ரூமன் கட்சியோ மூன்றாக உடைந்து கிடந்தது: இடதுபக்கம் ஹென்றி வாலஸ், தெற்கில் தர்மண்ட். ஜெயித்தாயிற்று என்றே எல்லாரும் நினைத்தார்கள். அக்டோபரில் நியூஸ்வீக் பத்திரிகை 50 அரசியல் செய்தியாளர்களைக் கேட்டது. ஐம்பது பேரும் டூயி என்றார்கள்.

1944இல் தாக்கிப் பேசிக் கைசுட்டுக்கொண்டதால் இந்த முறை யாரையும் தாக்குவதில்லை, எதிலும் மாட்டிக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார். ஒற்றுமை, நல்லாட்சி என்று பொதுவாகவே பேசினார். விவசாயம் முக்கியம், நம் ஆறுகளில் மீன் நிறைய, சுதந்திரம் இல்லாமல் விடுதலை இல்லை, எதிர்காலம் நமக்கு முன்னால் இருக்கிறது: டூயியின் பேச்சு மொத்தமும் இந்த நாலு வரிதான் என்று லூயிவில் நகரப் பத்திரிகை ஒன்று எழுதியது. வழக்கு நடத்திய நாட்களில் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவரைப் பற்றி இப்படி எழுத முடிந்தது வருத்தமான விஷயம்.

இதில் ட்ரூமனின் சாமர்த்தியமும் உண்டு. குடியரசுக் கட்சி மாநாட்டு அறிக்கையில் வீட்டுவசதி, குடிமை உரிமை என்று நிறைய வாக்குறுதிகள். நாடாளுமன்றம் அந்தக் கட்சியின் கையில். அப்படியானால் இப்போதே நிறைவேற்றுங்கள் என்று ஜூலையில் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார் ட்ரூமன். டூயி தரப்பு, ஏதாவது இரண்டு மசோதாவையாவது நிறைவேற்றுங்கள் என்று செனட்டர் ராபர்ட் டாஃப்டைக் கேட்டது. டாஃப்ட் மறுத்தார். இரண்டு வாரத்தில் கூட்டம் கலைந்தது. அதன் பிறகு டூயியால் சொந்தக் கட்சி நாடாளுமன்றத்தை ஆதரித்தும் பேச முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

மக்காச்சோள விவகாரம் இன்னும் மோசம். விளைபொருளுக்கு அரசு ஆதரவு விலைக் கடன் வேண்டுமானால் தானியத்தை அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் வைத்திருக்க வேண்டும். 1948 ஜூனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், கடன் தரும் அரசுக் கழகம் புதிதாகக் கிடங்கு வாங்குவதைத் தடுத்துவிட்டது. இலையுதிர் காலத்தில் வரலாறு காணாத விளைச்சல். வைக்க இடமில்லாத விவசாயி கடன் வாங்க முடியாமல், ஆதரவு விலைக்குக் கீழே சந்தையில் தள்ள வேண்டியதாயிற்று. செப்டம்பர் 18 அன்று ஐயோவா மாநிலம் டெக்ஸ்டரில் உழவுப் போட்டிக்குக் கூடியிருந்த பெருங்கூட்டத்தில் ட்ரூமன் இந்தக் கிடங்கு விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். இரண்டே நாள் கழித்து, அதே ஐயோவாவின் டெ மொயின் நகரில் டூயி தன் பிரசாரத்தைத் தொடங்கினார். கிடங்கைப் பற்றி உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. 1944இல் ரூசவெல்ட்டுக்கு எதிராகவே டூயி ஜெயித்திருந்த ஐயோவா, ஒஹாயோ, விஸ்கான்சின் மூன்றும் இந்த முறை கைவிட்டுப் போயின.

இல்லினாய் மாநிலத்தில் போக்கூ என்ற சிற்றூர். அக்டோபர் 12. ரயிலின் பின்மேடையில் நின்று டூயி பேசிக்கொண்டிருக்க, வண்டி திடீரென்று கூட்டத்தை நோக்கிச் சில அடி பின்னால் நகர்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஒலிபெருக்கியிலேயே, இப்படி ஒரு பைத்தியக்கார ஓட்டுநர் எனக்கு இதுதான் முதல் தடவை, சுட்டுத் தள்ள வேண்டும், அடிபடவில்லை என்பதால் விட்டுவிடலாம் என்றார். ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்த நாட்டில் அது தீயாகப் பரவியது.

இவ்வளவும் கண்ணெதிரே நடக்க, கருத்துக்கணிப்பு மட்டும் ஏன் அசையவில்லை? கடைசிக் கணிப்பில் கேலப் நிறுவனம் டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 சதவீதம் என்றது. நடந்தது ஏறக்குறைய தலைகீழ்: ட்ரூமன் 49.5, டூயி 45.1. ரோப்பர் நிறுவனம் டூயிக்கு 52.2, ட்ரூமனுக்கு 37.1 என்று இன்னும் தூரம் போனது.

முதல் கோளாறு மாதிரி எடுத்த முறையில். அப்போது நடைமுறையில் இருந்தது ஒதுக்கீட்டு முறை. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பேட்டியாளருக்குக் கொடுத்த உத்தரவு இப்படி: மொத்தம் 13 பேர், 6 பேர் புறநகர், 7 பேர் நகரம், 7 ஆண், 6 பெண், ஆண்களில் 3 பேர் நாற்பதுக்குக் கீழ், 4 பேர் மேல், ஒருவர் கறுப்பினத்தவர், மீதி ஆறு ஆண்களில் மாத வாடகை 44 டாலருக்கு மேல் கட்டுபவர் ஒருவர், 18 டாலருக்குள் கட்டுபவர் இருவர், இடைப்பட்டவர் மூவர். பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டங்களுக்குள் யாரைக் கேட்பது என்பது பேட்டியாளர் இஷ்டம். அவர் இயல்பாகவே நல்ல தெருவில், பேச நேரமும் வசதியும் உள்ள ஆளைத் தேடிப் போவார். ஒவ்வொரு வருமானக் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் மேலே இருப்பவரே சிக்குவார். அவர் குடியரசுக் கட்சிக்காரராக இருக்கும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். 1936, 1940, 1944 மூன்று தேர்தலிலும் கேலப் அந்தக் கட்சிக்கு அதிகமாகவே மதிப்பிட்டது. ரூசவெல்ட் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததால் பிழை மறைந்துகொண்டது. தேர்தல் நெருக்கமானதும் வெளியே வந்தது.

இரண்டாவது, நேரம். தேர்தல் முடிந்தமாதிரிதான், இனி எண்களை வெளியிடத் தேவையில்லை என்று ரோப்பர் செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார். கேலப்பின் கடைசிப் பேட்டிகள் அக்டோபர் நடுவில் நின்றன. ஓட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் கடைசி இரண்டு வாரத்தில்தான் முடிவெடுத்தார், அவர்களில் பெரும்பகுதி ட்ரூமன் பக்கம் சாய்ந்தது என்று பிந்தைய ஆய்வு காட்டியது. மூன்றாவது, 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றவர்களை மற்றவர்களின் விகிதத்திலேயே பங்கிட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் யாரைக் கேட்பது என்பதைப் பேட்டியாளரிடம் விடாமல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

என் மதிப்பீட்டில் டூயியின் பிழை இங்கேதான். ஜாமீன்தாரர் பெயர் வரைக்கும் தோண்டியவர், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வழக்கில் ஒரே ஒரு எண்ணை, அது எப்படி வந்தது என்று கேட்காமல் நம்பினார். ஐயோவாவில் மக்காச்சோள விலை விழுந்துகொண்டிருந்தது யாரும் பார்க்கக்கூடிய சாட்சியம்.

'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி' என்ற சிகாகோ ட்ரிப்யூன் தலைப்பும் இதே வகைப் பிழை. 1947 நவம்பரிலிருந்து அச்சுக்கோப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். செய்தியைத் தட்டச்சு செய்து, பக்கத்தைப் புகைப்படமெடுத்து, உலோகத் தகடாக மாற்ற வேண்டியிருந்தது. வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்பே முதல் பதிப்பை முடித்தாக வேண்டும். முடிவுகள் வருவதற்குள் வாஷிங்டன் செய்தியாளரின் கணிப்பை நம்பித் தலைப்புப் போட்டார்கள். சுமார் 1,50,000 பிரதி அச்சாகிவிட்டது. அதில் ஒன்றைத்தான் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் தூக்கிக் காட்டினார்.

டூயி மூன்றாம் முறை நிற்கவில்லை. ஆனால் 1952இல் பழைய டூயி திரும்ப வந்தார். சிகாகோ மாநாட்டில் டாஃப்டுக்கும் ஐசன்ஹோவருக்கும் போட்டி. டெக்சஸ், ஜார்ஜியா, லூசியானா பிரதிநிதிகள் யார் என்பதிலேயே தகராறு. தகராறுக்குள்ளான பிரதிநிதிகள் மற்ற தகராறுகளில் ஓட்டுப் போடக் கூடாது என்ற விதித் திருத்தத்தை டூயியின் அணி முன்வைத்தது. அதை மழுங்கடிக்க டாஃப்ட் தரப்பு கொண்டுவந்த மாற்றம் 658க்கு 548 என்று விழுந்தது. போட்டி அங்கேயே பாதி முடிந்துவிட்டது. மேடையிலிருந்து செனட்டர் எவரெட் டர்க்சன் டூயியை நோக்கி விரலை நீட்டி, உங்கள் பின்னால் வந்துதான் தோல்விப் பாதைக்குப் போனோம் என்று இரைந்தார். டூயி அசையவில்லை. நியூயார்க்கின் 96 பிரதிநிதிகளில் 92 பேரை ஐசன்ஹோவருக்காகக் கட்டிக் காத்தார். முதல் சுற்று எண்ணி முடித்தபோது ஐசன்ஹோவருக்கு 595, தேவை 604. மினசோட்டா பிரதிநிதிகள் அந்த இடத்திலேயே ஐசன்ஹோவர் பக்கம் ஓட்டை மாற்றினார்கள், வேட்பாளர் முடிவானார். துணை அதிபர் இடத்துக்கு ரிச்சர்ட் நிக்சன் பெயரை முன்னே தள்ளியவர்களிலும் டூயி முக்கியமானவர்.

1954 இறுதியோடு மூன்றாவது ஆளுநர் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டு வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். 1971 மார்ச் 16 அன்று புளோரிடாவில், 68ஆம் வயதில் இறந்தார். அவர் ஆட்சியில் தொடங்கிய நியூயார்க் மாநில விரைவுச் சாலைக்கு 1964 முதல் அவர் பெயர்.